பத்துக்குப் பன்னிரண்டு

எத்தாளையில் வீடு கட்ட நினைப்பவர் முதலில் வேலியை அடைத்துவிடுவார். கிடுகோ, பனைமட்டையோ, கையில் கொஞ்சம் காசிருந்தால் சீமெந்துக் கல்லோ, எதுவானாலும் எல்லை முதலில் விழும். அடுத்தது கிணறு. கற்பிட்டிக் குடாநாட்டு மணலில் சில அடி தோண்டினாலே நன்னீர் ஊறும். அந்த நீரை நம்பித்தான் சின்ன வெங்காயமும் மிளகாயும் பீட்ரூட்டும் இங்கே விளைகின்றன. வீடு கடைசியில்தான் எழும்பும். வளவின் நடுவில், மேற்கே கடற்காற்றும் கிழக்கே களப்புக் காற்றும் புகுந்து வெளியேறும்படி, வாசலும் பின்கதவும் நேர்க்கோட்டில் இருக்கும். ஓலைக் குடிசையானாலும் நாலு பக்கமும் சுற்றி வரலாம்.

இந்த ஊரிலிருந்துதான் மலைநாட்டு லயம் ஒன்றைப் பார்க்கப் புறப்பட்டேன். விக்டோரியா மகாராணி காலத்தில் கோப்பித் தோட்டங்களுக்கென்று வகுக்கப்பட்டு, பிறகு தேயிலைக்கும் அப்படியே தொடர்ந்த வரிசை வீடு. இலங்கையின் மலைச் சரிவுகளில் அப்படிப்பட்ட வரிசைகள் கணக்கில்லாமல் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் வேண்டுமென்றே காத்து, பிறர் வந்து பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அதைப் பார்த்தே தீர வேண்டும் என்றிருந்தது. கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667இல் கட்டத் தொடங்கிய கோட்டை இருக்கிறது. கடற்படையின் பொறுப்பில் இருக்கும் அதன் சுவர்களையும் வாசல் வளைவையும் பார்க்க வெளிநாட்டார் வருகிறார்கள். அதிகாரம் குடியிருந்த கட்டடத்தைப் பேணுவது எல்லா நாட்டிலும் நடக்கிற காரியம். வேலை செய்தவர்கள் படுத்துறங்கிய அறையைப் பேணுவது அரிது.

வெங்காய லொறி ஒன்றில் இடம் கிடைத்தது. ஓட்டுநர் நானா நுரைச்சோலைக்காரர். கண்டிச் சந்தைக்கு மூட்டை ஏற்றிப் போகிறவர். பின்னால் வெங்காயத்தோடு இரண்டு கட்டுக் கருவாடும் இருந்தது. "இதெல்லாம் மலைக்குத்தான் தம்பி போகுது. தோட்டத்துக் கடையில கற்பிட்டிக் கருவாடுன்னு சொன்னாலே விலை வேற" என்றார். பாலாவிச் சந்தி, புத்தளத்து உப்பளங்கள், பிறகு குருநாகல் வீதி. நிக்கவெரட்டிய, பாதெனிய, வாரியப்பொல என்று தென்னை விடாமல் கூடவே வந்தது. சில தென்னந்தோட்டங்களின் உள்ளே, காவல்காரர் கொட்டிலுக்குப் பின்னால், நாலைந்து அறைகள் ஒட்டிய சிறு வரிசைகள் தெரிந்தன. நான் போகிற கட்டடத்தின் தம்பிகள் அவை. லொறி நிற்காமல் போய்விட்டதால் கண்ணால் பார்த்ததோடு சரி.

கலகெதர தாண்டி ஏறத் தொடங்கியதும் காற்று மாறியது. கட்டுகஸ்தோட்டையில் நானாவிடம் விடைபெற்றுக் கண்டிக்குப் போய், அங்கிருந்து நுவரெலியா பஸ் பிடித்தேன். பேராதனை, கம்பளை, புசல்லாவை. கம்பளைப் பகுதியைக் கடக்கும்போது ஒரு விஷயத்தை நினைக்காமல் இருக்க முடியாது. ஜோர்ஜ் பேர்ட் என்ற ஆங்கிலேயர் 1820களில் இலங்கையின் முதல் வணிகக் கோப்பித் தோட்டத்தைத் தொடங்கியது கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில். அந்தக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் வரலாற்றைக் கணக்கில் வைத்துத்தான் 2023இல் 'மலையகம் 200' என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். அவர்களுடைய முன்னோர் கடல் கடந்து இறங்கி, காட்டு வழியே நடந்து வந்து சேர்ந்த இடத்தில் அவர்களுக்காகக் காத்திருந்த வீடு எது என்பதே என் கேள்வி.

அருங்காட்சியகம் பழைய பீக்கொக் தோட்டத்து மலையில் இருக்கிறது. கண்டியைத் தளமாகக் கொண்ட சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் இதைத் திறந்தது. பெயர், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும். இதற்கென்று புதுக் கட்டடம் எழுப்பாமல், குடும்பங்கள் வாழ்ந்த பழைய லயத்தையே எடுத்து அதன் குடியிருப்பு அறைகளான காம்பராக்களைக் காட்சி அறைகளாக்கியிருக்கிறார்கள். அந்த ஒரு முடிவுக்காகவே அவர்களைப் பாராட்ட வேண்டும். கூடை, கவ்வாத்துக் கத்தி, முள்ளு, கம்பளி, அம்மி, பித்தளைச் செம்பு, பெண்கள் போட்ட நகைகள், ஆட்களை மேய்த்த கங்காணி காலத்துக் காகிதங்கள் எல்லாவற்றையும் எந்த மண்டபத்திலும் அடுக்கிவிடலாம். அவை இருந்த அறையின் அகலம் உடம்பில் படுவது இங்கே மட்டும்தான்.

ஒரு லயத்தின் அமைப்பைச் சொல்கிறேன். தேயிலைக்கு ஆகாத சரிவிலோ ஓடைப் பக்கத்திலோ ஒரு நீண்ட மேடையை வெட்டி எடுப்பார்கள். அதன் மேல் ஒரே நெடுஞ்சுவர். அதிலிருந்து சம தூரத்தில் குறுக்குச் சுவர்கள். இரண்டு குறுக்குச் சுவர்களுக்கு இடைப்பட்டது ஒரு காம்பரா: பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது எல்லோர் வாயிலும் வரும் அளவு. முன்னால் ஒரு கதவு, சில இடங்களில் சின்னதாக ஒரு ஜன்னல், பல இடங்களில் அதுவும் இல்லை. கதவுக்கு முன்னால் வரிசை நெடுகிலும் ஓடும் தாழ்வாரம், அதாவது இஸ்தோப்பு. முழு வரிசைக்கும் ஒரே கூரை. இது ஒற்றை லயம். இரட்டை லயம் என்றால் நெடுஞ்சுவரின் அந்தப் பக்கமும் இதே போல் இன்னொரு வரிசை, முதுகோடு முதுகு ஒட்டி. அங்கே காற்று நுழைய ஒரு வழி, வெளியேறவும் அதே வழி. பல லயங்களில் குறுக்குச் சுவர் கூரை வரை எழும்பவே இல்லை. மேலே ஒரு இடைவெளி விட்டிருப்பார்கள். ஒரு காம்பராவில் மூட்டிய அடுப்புப் புகை மூன்றாவது காம்பராக் குழந்தையை இருமவைக்கும். கணவன் மனைவி தாழ்ந்த குரலில் பேசியதும் வரிசைக்கே கேட்கும்.

முதல் லயங்களுக்கு மானாப்புல் கூரையும் வரிச்சு வைத்துப் பூசிய மண் சுவருமே இருந்தன. பிறகு கருங்கல்லும் சுண்ணாம்பும் வந்தன. கூரையை மாற்றியது தகரம். இரும்புத் தகட்டை நெளியவைத்தால் மெல்லிய தகடும் பலம் பெறும் என்று கண்டு 1829இல் காப்புரிமை வாங்கியவர் லண்டன் துறைமுகக் கம்பனியின் பொறியாளர் ஹென்றி ராபின்சன் பாமர். சில ஆண்டுகளில் துத்தநாகப் பூச்சும் சேர்ந்தது. அதன் பிறகு அந்த நெளிதகரம் கப்பலேறி ஆஸ்திரேலியச் சுரங்கம் முதல் இலங்கைத் தோட்டம் வரை போய்ச் சேர்ந்தது. அடுக்கிக் கட்டலாம், தோளில் சுமந்து மலையேற்றலாம், ஆணி அடிக்கத் தெரிந்தால் போதும். அந்த நூற்றாண்டின் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று அது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மூவாயிரம் நாலாயிரம் அடி உயரத்தில் அதன் கீழே உறங்கியவர்களுக்குப் பகலில் கொதிப்பு, இரவில் விறைப்பு, மழை பிடித்தால் பேச்சே கேட்காத இரைச்சல். அதே காலத்தில் அதே மலையில் துரை பங்களாவுக்குக் கணப்படுப்பும் புகைபோக்கியும் கட்டப்பட்டன. குளிரும் என்பது கட்டியவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

இந்த வீட்டு அமைப்பு தமிழனுக்கென்று மட்டும் வகுக்கப்பட்டதா என்றால், இல்லை. அதே நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலை நகரங்களிலும் தொழிலாளர்கள் முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளில்தான் அடைந்து கிடந்தார்கள். பர்மிங்காமில் அப்படி ஒரு முற்றத்தைச் சுற்றிய வீடுகளை நேஷனல் டிரஸ்ட் செப்பனிட்டு 2004இல் மக்கள் பார்வைக்குத் திறந்தது. மாடிக்கு ஒரு அறையாக மூன்று மாடி, பின்சுவரில் இன்னொரு குடும்பம், கழிப்பிடமும் துணி துவைக்கும் இடமும் முற்றத்தில் பொதுவாக. அப்படிப்பட்ட வீடுகளைப் புதிதாகக் கட்டக் கூடாது என்று பிரித்தானியா 1909இல் சட்டம் போட்டது. யோர்க்ஷயரில் டைட்டஸ் சால்ட் என்ற ஆலை அதிபர் தன் தொழிலாளர்களுக்காக 1850களில் எழுப்பத் தொடங்கிய சோல்டேர் கிராமம் 2001 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அங்கே வரிசை வீடுதான் என்றாலும் கல் வீடு, தனிச் சமையலறை, தேவாலயம், பாடசாலை. சால்ட்டும் முதலாளிதான். லாபம் பார்த்தவர்தான். ஆனால் ஆலையைச் சுற்றி ஓர் ஊர் வேண்டும் என்று நினைத்தார். இங்கே கோப்பிக்காரர்களுக்கு ஊர் தேவைப்படவில்லை. பழம் பறிக்கும் பருவத்துக்கு ஆள் வேண்டும், பருவம் முடிந்தால் ஆள் இந்தியாவுக்குத் திரும்பிவிடும் என்ற கணக்கில் தங்குமிடம் போட்டார்கள். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. சில ஆண்டுகளில் கோப்பியே அழிந்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் நட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும். ஆட்கள் குடும்பத்தோடு தங்கினார்கள், பிள்ளை பெற்றார்கள், இறந்தவர்களை அங்கேயே புதைத்தார்கள். பருவத்துக்குப் போட்ட அளவு மட்டும் மாறவில்லை. இந்தக் கட்டடத்தின் குற்றமெல்லாம் எனக்கு இந்த ஓரிடத்தில் வந்து சேர்வதாகப் படுகிறது.

அருங்காட்சியகத்திலிருந்து இறங்கி வரும் வழியில் ஆள் குடியிருக்கிற லயம் ஒன்று. சாணம் மெழுகிய வாசலில் அவரை விதை காய வைத்துக்கொண்டிருந்த வயதான அம்மா, "எங்கிருந்து தம்பி வாறீங்க?" என்று கேட்டார். எத்தாளை என்றேன். புரியவில்லை. கற்பிட்டி என்றதும் முகம் மலர்ந்தது. "கருவாட்டு ஊரா? உள்ளுக்கு வாங்க."

அளவெடுக்கலாமா என்று கேட்டபோது பேரன் உற்சாகமாக நாடாவின் ஒரு முனையைப் பிடித்தான். உள்ளே பத்தடிக்குச் சற்றுக் கூட. நீளம் பன்னிரண்டை எட்டவில்லை. ஏனென்றால் கல் சுவரின் மேல் தலைமுறை தலைமுறையாகப் பூசிய மண்ணும் சுண்ணாம்பும் அந்த அளவையும் தின்றிருந்தன. கதவு நிலையின் ஓரத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். நீலம், அதன் கீழ் மஞ்சள், அதன் கீழ் வெள்ளை என்று தட்டுத் தட்டாக உரிந்தது. தீபாவளிக்குத் தீபாவளி அடித்த சாயம். இஸ்தோப்பின் முன்பக்கம் பலகையும் தகரமுமாக அடைக்கப்பட்டு அங்கே அடுப்பு வந்திருந்தது. அடுப்புக்கு மேலே பரண். அதில் கவ்வாத்து மலையிலிருந்து தூக்கி வந்த தேயிலை மிலாறு விறகு உலர்ந்துகொண்டிருந்தது. காம்பராவின் குறுக்கே ஒரு கயிறு. இரவில் அதில் சேலை விழும்; அந்தப் பக்கம் மகனும் மருமகளும். மூலையில் மாரியம்மன் படம், அதற்கு மேல் புகை படியாமல் இருக்க ஒரு துண்டுத் தகரம்.

"இஸ்தோப்ப அடைச்சது எங்க வீட்டுக்காரரு. அப்பல்லாம் தொரைகிட்ட கேக்காம ஒரு ஆணி அடிக்க ஏலாது. கேட்டுக் கேட்டு, கெடைக்காம, ஒரு ஞாயித்துக்கெழம ராவோட ராவா அடைச்சுப்புட்டாரு" என்றார் அம்மா. பக்கத்துக் காம்பராவில் அவருடைய நாத்தனார் குடும்பம். "சொவத்துல தட்டினா உப்பு வந்துரும், கொச்சிக்கா வந்துரும். சண்டையும் அந்தச் சொவத்து வழியாத்தான் வரும்." சாயத்தண்ணியும் கையில் ஒரு துண்டு சர்க்கரையும் கொடுத்தார்.

பேரன் வெளியே அழைத்துப் போய் மற்ற வரிசைகளைக் காட்டினான். மேலே இருப்பது மேட்டு லயம், ஓடைப் பக்கத்தில் பணிய லயம், தூரத்தில் பத்துக் காம்பரா லயம். முன்பு எந்தக் கூட்டத்துக்கு எந்த லயம் என்பதைப் பெரிய கங்காணி தீர்மானித்தார், சாதி பார்த்துத்தான் தீர்மானித்தார். தோட்டக்காரன் எல்லோரையும் ஒரே அளவில் அளந்தான் என்றால், உள்ளே நம்மவர்கள் அந்த ஒரே அளவுக்குள்ளும் மேலே கீழே பிரித்துக்கொண்டார்கள். லயத்தின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் இதை மறைக்கக் கூடாது. அதே சமயம் லயத்து வாசல்தான் காமன் கூத்து ஆடிய இடம், பொன்னர் சங்கர் விடிய விடிய நடந்த இடம், தொழிற்சங்கக் கூட்டம் முதலில் கூடிய இடம். கட்டியவனின் வரைபடத்தில் அந்த வாசலுக்குப் பெயரே இல்லை. மழைத் தண்ணீர் வழிவதற்காக விட்ட வெற்றிடம் அது. எத்தாளையில் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள வளவு இங்கே யாருக்கும் கிடைக்காததால், கிடைத்த அந்த ஒரே வெளியை எல்லோருமாக வளவாக்கிக்கொண்டார்கள்.

எதைப் பாதுகாப்பது என்ற விஷயத்தில் என் கருத்து இதுதான்: ஆதியில் கட்டியபடி வெறுமையாக்கி, வெள்ளையடித்து, நேர்த்தியாக நிறுத்திவைத்தால் அது தோட்டக் கம்பனியின் கட்டடமாகத்தான் நிற்கும். அடைத்த இஸ்தோப்பு, பரண், சாமி மாடம், பின்னால் ஒட்டவைத்த மாட்டுக் கொட்டில், வாசல் ஓரத்துக் கறிவேப்பிலை, இவையெல்லாம் சேர்ந்ததுதான் தொழிலாளி கட்டிய பகுதி. எந்தக் கட்டடக் கலைஞனின் பெயரும் அதில் இல்லை. சொந்தமில்லாத சுவரில், அனுமதியில்லாத ஆணியில், ஒரு குடும்பம் தன் வாழ்க்கைக்கு இடம் பண்ணிக்கொண்ட கலை அது. பாதுகாக்கிறவர்கள் பழுது பார்க்கும்போது முதலில் பிடுங்கி எறிவதும் அதைத்தான்.

சட்டத்தின் நிலைமையும் சாதகமாக இல்லை. இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் புராதனச் சின்னம் என்று தானாகவே ஏற்பது 1815 மார்ச் 2க்கு முற்பட்ட கட்டடங்களை. கண்டி ராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போக ஒப்பந்தம் கையெழுத்தான நாள் அது. அதற்குப் பிந்தியது என்றால் அமைச்சர் தனியே ஆணை பிறப்பிக்க வேண்டும். மலையகத் தமிழரின் வரலாறு முழுவதும், முதல் காம்பரா முதல் கடைசிக் காம்பரா வரை, அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் விழுகிறது. பங்களாக்களும் பழைய தொழிற்சாலைகளும் சட்டம் இல்லாமலே பிழைத்துக்கொள்கின்றன. கந்தப்பளையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை சொகுசு ஹோட்டலாகவே மாறிவிட்டது. லயத்தை யாரும் ஹோட்டலாக்கப் போவதில்லை.

அதே நேரத்தில் லயம் ஒழிய வேண்டும். இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மனிதரோடு மூடியது. ஓடைப் பக்கமும் சரிவும் பார்த்து வரிசை போட்ட பழைய வழக்கத்துக்கு இன்றும் மக்கள் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. பூண்டுலோயாவின் மடகும்புரத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தன் நாவல் ஒன்றுக்கு 'வீடற்றவன்' என்று பெயர் வைத்தார். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் மூன்று லட்சம் பேருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுக்கவும் இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்டபோது, எந்தக் காம்பராவில் யார் மிஞ்சுவார்கள் என்பதும் எண்ணிக்கையாகிவிட்டது. குடியுரிமை பிறகு கிடைத்தது. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. இத்தனை கை மாறிய பிறகும் காம்பரா தோட்டத்துக்குத்தான் சொந்தம். இப்போது இந்திய உதவியோடு, ஏழு பேர்ச் நிலத்தில் 550 சதுர அடித் தனி வீடுகள் வருகின்றன. முதலில் 4,000, பிறகு 2017இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த மேலும் 10,000. தேவையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகைதான். ஆனாலும் அந்த அம்மாவின் பேரன் எனக்குக் காட்டிய புது வீடு ஒன்றில் கதவு இரண்டு, ஜன்னல்கள் இருபுறமும் இருந்தன. வீட்டுக்காரர் குடிபோகும் முன்பே நாலு பக்கமும் மூங்கில் நட்டு வேலி அடைத்திருந்தார்.

ஆகவே இடிக்கட்டும். வேகமாக இடிக்கட்டும். ஆனால் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு வரிசையையாவது, அதில் வாழ்ந்தவர்களைக் கேட்டு, அவர்கள் மாற்றிக் கட்டிய பகுதிகளோடு விட்டுவைக்க வேண்டும். பதுளையில் ஒன்று, மாத்தளையில் ஒன்று, இரத்தினபுரியில் ஒன்று. இடிப்பதற்கு முன் மற்ற வரிசைகளின் அளவையாவது எடுத்து, எந்தக் காம்பராவில் யார் யார் இருந்தார்கள் என்று முதியவர்கள் சொல்லச் சொல்ல எழுதி வைக்கலாம். ஒரு நாடாவும் ஒரு கொப்பியும் போதும். தோட்டப் பாடசாலைகளின் உயர்தரப் பிள்ளைகளே இதைச் செய்துவிடுவார்கள். நாடாவின் மறுமுனையைப் பிடித்த பையன் அன்று மாலைக்குள் தன் லயத்தின் பன்னிரண்டு காம்பராவையும் அளந்து எழுதி முடித்திருந்தான்.

போக விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. முதலில் கண்டிக்கு அருகே ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1925இல் கட்டிய தொழிற்சாலைக் கட்டடம், பெரிய இயந்திரங்கள், ஜேம்ஸ் டெய்லர் பற்றிய பொருட்கள் எல்லாம் அங்கே நன்றாகவே பேணப்படுகின்றன. பிறகு நுவரெலியா பஸ் ஏறிப் பழைய பீக்கொக் தோட்டத்துக்கு வாருங்கள். காலையில் வந்தால் மலையில் கொழுந்து எடுப்பவர்களையும் பார்க்கலாம். மழைக்காலத்தில் அட்டைக்குக் கொஞ்சம் உப்பு கொண்டு வாருங்கள். குழந்தைகளோடு வருகிறவர்கள் கட்டாயம் அவர்களைக் காம்பராவுக்குள் கூட்டிப் போய், கதவை மூடி, சற்று நேரம் நிற்கச் சொல்லுங்கள்.